துரையின் கண்ணுக்கு எழுதிய கோடு

பிள்ளைகளே, அந்தப் பெட்டியை நீங்கள் யாரும் பார்த்ததில்லை. மலாக்காவில், பத்து பெரண்டாம் விமானத் திடலில், விமானங்கள் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு பலகை அறையில் அது இருந்தது. நீல வர்ணம் பூசிய மரப் பெட்டி. ஓர் ஆள் உட்காரலாம். சின்னதாய் இரண்டு இறக்கைகள், முன்னால் ஒரு மூக்கு, பின்னால் ஒரு வால். திருவிழா ராட்டினத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது போல இருக்கும். ஆனால் விளையாட்டுச் சாமான் இல்லை. போர்க்காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் விமானிகளைப் பழக்குவதற்காக வைத்திருந்தது. பட்டாளம் வேண்டாமென்று கழித்ததைப் பறக்கும் சங்கம் வாங்கி வைத்துக்கொண்டது.

பெட்டிக்கு அடியில் தோல் துருத்திகள் உண்டு. பஜனையில் ஆர்மோனியத்துக்கு இருக்குமே, அதைவிடப் பெரியவை. மோட்டாரைப் போட்டால் துருத்திகள் காற்றை வாங்கும், விடும். உள்ளே இருப்பவர் முழங்கால்களுக்கு நடுவே உள்ள தடியை இழுத்தால் பெட்டியின் மூக்கு மேலே எழும். தள்ளினால் கீழே சாயும். கால் மிதிகளை அழுத்தினால் இடமும் வலமும் திரும்பும். முகத்துக்கு எதிரே வட்ட வட்டமாய் முள் வைத்த கருவிகள் வேகத்தையும் உயரத்தையும் காட்டும். தரையை விட்டு எங்கேயும் போகாது. ஆனாலும் உள்ளே உட்கார்ந்தவருக்கு வேர்த்து ஊற்றும்.

நான் அங்கே போனது சுவருக்கு வர்ணம் பூச.

சுதந்திரம் வந்து இரண்டாவது வருஷம் அது. காஜா பெராங்கில் நாம் குடியிருந்த வாடகை வீட்டின் முன்பக்கத்தில்தான் எனக்குப் பட்டறை. தமிழ்ப் பள்ளியில் ஆறு வகுப்பு படித்துவிட்டுப் பலகை எழுதும் வேலைக்கு வந்தவன் நான். அந்த நாளில் எனக்கு வேலைக்குக் குறைவே இல்லை. கடைக்காரர்கள் எல்லாரும் பழைய பலகையை இறக்கிவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னார்கள். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், என்ற மலாய்ச் சொல்லை எத்தனை வளைவில், எத்தனை துணியில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. விமானத் திடலிலும் நான் எழுதிய பலகைகள் இருந்தன. அதனால்தான் பறக்கும் சங்கத்தின் பயிற்றுநர் என்னை அந்த அறைக்குக் கூப்பிட்டார்.

அவர் ஒரு வெள்ளைக்காரர். நாங்கள் துரை என்றே சொன்னோம், மலாயில் பேசும்போது துவான். சுதந்திரம் வந்த பிறகும் வாய் அந்தச் சொல்லை விடவில்லை. என்னோடு மலாயில்தான் பேசுவார். அவருக்கு வேண்டியது இதுதான்: பெட்டியைச் சுற்றி நாலு பக்கச் சுவரிலும் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வெளிர்நீலம், கீழே கரும்பச்சை. வானமும் பூமியும் சேரும் இடம் அந்தக் கோடு. பெட்டியில் உட்கார்ந்தவர் பெட்டியின் மூக்குக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தே பெட்டியைச் சமமாகப் பிடிக்கப் பழக வேண்டும். மூக்கு கோட்டுக்கு மேலே போனால் ஏறுகிறோம், மிகவும் கீழே போனால் இறங்குகிறோம்.

கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்று கேட்டேன். துரை ஆறடிக்கு மேல். குனிந்து பெட்டிக்குள் ஏறி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "என் கண்ணுக்கு நேராக," என்றார். நான் அவர் கண்ணுக்கு நேரே நூலைப் பிடித்துச் சுவரில் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு கண்ணாடிக் குழாய் செருகிய ரப்பர் குழாயில் தண்ணீர் ஊற்றி, மட்டம் பார்த்துப் பார்த்து அந்தப் புள்ளியை நாலு சுவருக்கும் கொண்டுபோனேன். சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் சேர்த்தபோது மயிரிழைகூட விலகவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான்.

வேறு யாரெல்லாம் இதில் உட்காருவார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றவும் இல்லை. துரை உட்கார்ந்தார், துரையின் கண்ணை அளந்தேன். அவ்வளவுதான்.

வர்ணம் காய்ந்த பிறகு, வெறும் கோடாக இருக்கிறதே என்று மேற்குச் சுவரில் ஒரு சின்னப் பாய்மரப் படகை எழுதிவைத்தேன். துரை வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதை அழித்துவிடு. பையன்கள் எல்லாரும் படகைப் பார்த்துக்கொண்டே சுவரில் மோதுவார்கள்," என்றார்.

அந்த வருஷம் நம் நாட்டுக்கென்று புதிதாக அமைத்த விமானப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. மலாக்காவிலிருந்து பெயர் கொடுப்பவர்கள் முதலில் பத்து பெரண்டாமில் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து காட்ட வேண்டும். மூன்று முறை உட்காரலாம். மூன்றில் ஒரு முறையாவது துரைக்குத் திருப்தியாக ஓட்டினால் பெயர் கோலாலம்பூருக்குப் போகும். மூன்றும் தவறினால் அதோடு சரி.

அம்மாவின் தம்பி, உங்கள் மாமா, பெயர் கொடுத்தார்.

அவருக்கு அப்போது இருபத்தொன்று. சீனியர் பரீட்சை தேறியவர். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. நம் வீட்டில்தான் இருந்தார். உங்கள் அம்மாவின் வீட்டில் எல்லாரும் குள்ளம், உங்களுக்குத் தெரியும். அவரும் என் உயரம்தான், ஐந்தடி இரண்டு அங்குலம் இருப்பார். ஆனால் புத்தி கூர்மை. பறக்கும் சங்கத்திலிருந்து ஒரு புத்தகம் இரவல் வாங்கி வந்து, அடுப்படியில் உங்கள் அம்மா சோறு வடிக்கும்போது அவளுக்கு இறக்கை எப்படிக் காற்றைத் தாங்குகிறது என்று அகப்பையை வைத்து விளக்குவார்.

"அகப்பைய கீழ வைடா, கறி ஆறுது," என்பாள் அம்மா. "நீ மேல போயி என்னாடா செய்யப் போற? தபால மேலருந்தே வீசப் போறியா?"

"சிரிங்கக்கா, சிரிங்க. நான் ஒரு நாள் நம்ம வீட்டுக் கூரைக்கு மேல போவேன். அப்ப நீங்க காயப்போட்ட சேல எல்லாம் பறக்கும்."

முதல் முறை அவர் உட்கார்ந்த நாளில் நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் ஏறிக்கொண்டார். செங் ரோட்டு முனை வந்ததும் சொன்னார்.

"மூக்கு கீழ போவுது மச்சான். நல்லா தெரியுது. அதான் இழுக்கிறேன். இழுத்தா அவரு மேசையில உக்காந்துகிட்டு, 'ஏறுற, ஏறுற, வேகம் கொறையுது'ன்னு கத்துறாரு. முள்ளப் பாத்தா அவரு சொல்றதுதான் சரி. வெளிய பாத்தா நான் செய்றதுதான் சரி. கடைசியில பெட்டி தல சுத்துற மாதிரி ஆடி சாஞ்சிருச்சி."

"மொத தடவதானே, தம்பி. பதட்டமா இருக்கும்."

"பதட்டமெல்லாம் இல்ல," என்றார்.

இரண்டாம் முறைக்கு முன் அவர் காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி இறுகிப்போனார். சரியாகச் சாப்பிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, துடைப்பக் கட்டையைத் தடியாக வைத்துக்கொண்டு, இழுக்காதே இழுக்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். போனார். அதே கதை. இந்த முறை துரை கோபிக்கவும் இல்லையாம். "சிலருக்குக் கண்ணும் உடம்பும் ஒன்றாக வேலை செய்வதில்லை. அது குற்றமில்லை," என்று தோளைத் தட்டி அனுப்பினாராம். தோளைத் தட்டியதுதான் மாமாவுக்குத் தாங்கவில்லை.

அவருக்கு முன்னால் அந்தப் பெட்டியில் உட்கார்ந்தவர்கள் தோட்டத் துரைமார்கள், சங்கத்தின் உறுப்பினர்கள், ஒரு சீன முதலாளியின் மகன். எல்லாரும் சுலபமாக ஓட்டினார்கள். காஜா பெராங் ஒட்டுக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. "தபால்காரப் பைலட்டு எப்ப ஏறுறாரு?" என்று கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே கேட்டார். பெஞ்சிலிருந்த ஒருவர், "நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் வராதுலா. அதுக்கு வேற மூளை வேணும்," என்றார். நான் தேத்தண்ணிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தேன். மறுத்துச் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் பட்டது.

மூன்றாம் முறைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மழைக்காலம். அந்தப் பலகை அறையின் வடக்குச் சுவரில் ஈரம் ஏறி வர்ணம் உரிந்துவிட்டது என்று எனக்கு ஆள் வந்தது. ஒரு மத்தியானம் போய்ச் சுரண்டிவிட்டுப் பூசினேன். துரை சாப்பிடப் போயிருந்தார். கை கழுவித் துடைத்துவிட்டு, என் வேலை உள்ளேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன்.

மோட்டார் ஓடவில்லை. பெட்டி அசையாமல் பூட்டியிருந்தது. இருந்தும் நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பெட்டி தலைகுப்புறக் கீழே போவது போல இருந்தது. கோடு எனக்கு எதிரே இல்லை, மேலே இருந்தது. முன்னால் இருந்த மூக்கு எங்கேயோ பள்ளத்தில் கிடந்தது. நல்ல அறிவுள்ள எந்த மனிதனும் அந்த இடத்தில் தடியை இழுக்கத்தான் செய்வான்.

நான் மெதுவாக இருக்கையிலிருந்து பாதி எழுந்தேன். நாலைந்து அங்குலம் எழுந்ததும் கோடு கீழே இறங்கி வந்து என் கண்ணுக்கு நேரே நின்றது. பெட்டி சமமாகிவிட்டது. உட்கார்ந்தேன், மறுபடி குப்புறக் கவிழ்ந்தது. எழுந்தேன், சமமானது. இப்படி ஐந்தாறு தடவை செய்தேன். பிறகு செய்ய முடியவில்லை. இறங்கிவிட்டேன்.

துரையின் கண்ணுக்கு எழுதிய கோடு அது. என் மச்சானின் கண்ணுக்கு அது பொய்.

அன்று சாயங்காலம் மாமா வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். நீ தவறவில்லை, தம்பி, கோடு உனக்கு உயரம், அதை எழுதியவன் நான் என்றேன். அவர் கால் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"அக்கா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல தம்பி. நானே உக்காந்து பாத்தேன்."

"மச்சான், நான் சின்னப் புள்ள இல்ல. எனக்கு வரல. வரலன்னா வரல. அதுக்காக நீங்க உங்க வேலைய நீங்களே கொற சொல்லி எனக்கு ஆறுதல் சொல்ல வேணாம். உங்க மட்டம் எப்பவாச்சும் தப்புமா? ஊருக்கே தெரியும்."

"மட்டம் தப்பலடா. அளந்த கண்ணு தப்பு."

"நான் மூணாவது தடவ போகப்போறதில்ல," என்றார். "திங்கக்கிழமை லெட்டர் எழுதிக் குடுத்துடறேன்."

அம்மா உள்ளேயிருந்து வந்து, "டேய், ஒங்க மச்சான் ஒருநாளும் தன் வேலைய தப்புன்னு ஒத்துக்கிட்டது இல்லடா. நான் கண்டதில்ல. இதுலயாச்சும் நம்பு," என்றாள். அதற்கும் அவர் அசையவில்லை.

பிள்ளைகளே, ஒரு மனிதன் தன்னைத்தான் குறை என்று முடிவு செய்துவிட்டால், அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர்களைத்தான் நம்புகிறான். எனக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது. இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மீன் வாங்கி வரலாம் என்று சொல்லி அவரைக் கிளேபாங்குக்குக் கூட்டிப்போனேன். சைக்கிளில் ஒரு மூங்கில் கம்பையும் நூலையும் கட்டியிருந்தேன். எதற்கு என்று கேட்டார். மீன் கோர்க்க என்றேன்.

கடல் வற்றியிருந்தது. தண்ணீர் ஓரத்தில் கம்பை மணலில் நட்டேன். இரண்டு மூன்று கஜம் தள்ளி அவரை உட்காரச் சொன்னேன். "கம்புல எந்த எடத்துல கடலோட கோடு வெட்டுதுன்னு சொல்லு."

"என்னா மச்சான் இது?"

"சொல்லு தம்பி."

அவர் சொன்ன இடத்தில் நூல் கட்டினேன். எழுந்து நிற்கச் சொன்னேன். இப்போது கோடு எங்கே என்றேன். மேலே என்றார். அங்கே இன்னொரு நூல். நூலுக்கும் நூலுக்கும் இரண்டடிக்கு மேல் இடைவெளி. அவர் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். நல்ல உயரம், துரைக்குக் கொஞ்சம்தான் குறைவு. "என்ன அளக்கிறீர்கள், கடலையா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமாம் அண்ணா. கொஞ்சம் உட்காருங்கள்," என்றேன். பைத்தியக்காரர்கள் என்று நினைத்திருப்பார். ஆனாலும் சிரித்துக்கொண்டே மாமா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். அவருக்குக் கோடு எங்கே என்று கேட்டு மூன்றாவது நூலைக் கட்டினேன். மாமா உட்கார்ந்தபோது கட்டிய நூலுக்கு நாலு விரல் மேலே இருந்தது.

"ஒரே கடல், தம்பி. ஒரே எடம். அவரு கண்ணுக்கு எங்க வெட்டுது, ஒன் கண்ணுக்கு எங்க வெட்டுது, பாத்துக்க. கடல் உக்காந்தவனுக்கு தானா எறங்கி குடுக்குது. எழுந்தா கூடவே எழுந்து வருது. நான் எழுதின சுவரு அப்படி எறங்காது. அவரு கண்ணுலயே நிக்குது."

மீனவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வலைக்குத் திரும்பிப் போனார். மாமா கம்பின் அருகே போய் உட்கார்ந்து பார்த்துக் கட்டிய இரண்டு நூலுக்கும் நடுவே விரல்களை வைத்தார். நாலு விரல். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தபோது கண் சிவந்திருந்தது.

"ரெண்டு மாசம் மச்சான்," என்றார். "ரெண்டு மாசமா எனக்கு மூளையில ஏதோ கொறன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன். கடிதம் பிரிக்கும்போது கூட, ஊரு பேரு சரியா படிக்கிறேனா, கண்ணு சொல்றது சரியான்னு ரெண்டு தடவ பாக்குறேன். தெரியுமா ஒங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. மச்சானுக்கு மச்சான் சொல்லும் சொல் இல்லையே அது. கம்பைப் பிடுங்கிக்கொண்டேன். மீன் வாங்க மறந்து வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இருவரும் வசவு வாங்கினோம். அவர் லெட்டர் எழுதவில்லை.

மறுநாள் காலையில் துரையிடம் போனேன். உள்ளதைச் சொன்னேன். அனுமதி இல்லாமல் பெட்டியில் உட்கார்ந்ததையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"இத்தனை பேர் உட்கார்ந்தார்கள். ஒருவரும் சொல்லவில்லையே?"

"அவர்கள் எல்லாரும் உங்கள் உயரம், துவான்," என்றேன். "எங்கள் உயரத்தில் முதலில் உட்கார்ந்தவன் என் மைத்துனன்."

உன் மைத்துனனா என்றார் அவர். அது வரைக்கும் அவருக்கு அது தெரியாது. இவன் சொந்தக்காரனுக்காக வந்து பேசுகிறான் என்று நினைத்துவிட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. என் பலகை வேலை போனது என்றே நினைத்தேன். அவர் எழுந்து, என்னைக் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போனார். என்னை உட்காரச் சொன்னார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு அதில் முட்டி போட்டு, தன் தலையை என் தலை உயரத்துக்குத் தாழ்த்தி, என் கன்னத்தோடு கன்னம் வைப்பது போலச் சாய்ந்து கோட்டைப் பார்த்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது. பிறகு ஒரே சொல் சொன்னார், மலாயில். சரிதான் என்று அர்த்தம்.

கோட்டை இறக்கி எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். இறக்கினால் மற்றவர்களுக்குப் பொய்யாகும்; சுவர் நிற்கட்டும், ஆள் ஏற வேண்டும் என்றார். இருக்கை தரையோடு ஆணி முடுக்கியிருந்தது, உயர்த்த முடியாது. "உனக்கு ஆறு நாள். அவன் கண் கோட்டுக்கு வரட்டும். கால் மிதியை விட்டுப் போகக் கூடாது," என்றார்.

முதலில் அம்மா ஒரு தலையணை தைத்துக் கொடுத்தாள். புது இலவம்பஞ்சு, இறுக்கி அடைத்தது. மாமா அதில் உட்கார்ந்தார். கண் கோட்டுக்குச் சரியாக வந்தது. எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. பத்து நிமிஷம் போனதும் நூல் பிடித்துப் பார்த்தேன், ஒரு விரல் இறங்கிவிட்டது. இருபது நிமிஷத்தில் இரண்டு விரல். பஞ்சு அமுங்க அமுங்கக் கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. உட்காரச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சுகமே அவரைக் கவிழ்த்துவிடும்.

"அக்கா, ஒங்க தலகாணி தூங்கறதுக்கு," என்றார் மாமா. "நான் அங்க தூங்க போகல."

செங் பக்கத்தில் சின்னதாய்க் கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம், வைத்திருந்த ஒருவருக்கு நான் பலகை எழுதியிருந்தேன். அவரிடம் போய்ப் புகை போட்ட ரப்பர் ஷீட்டுகள் கேட்டு வாங்கினேன். இருக்கையின் அளவுக்கு வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன். அது அமுங்காது, நழுவாது. ஒரு ஷீட்டு கூடினால் கண் எவ்வளவு ஏறுகிறது என்று நூல் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தோம். கோட்டை எட்டியதும் நிறுத்தினோம். விளம்பரத் துணி எழுதி மிஞ்சிய கித்தான் துணியில் அம்மா அதற்கு உறை தைத்தாள்.

உயரம் சரியானதும் கால் போதவில்லை. நுனிக்கால்தான் மிதியில் பட்டது. மரக்கட்டையில் இரண்டு துண்டு அறுத்து, இழைத்து, சைக்கிள் டியூப் வாரால் மிதிகளோடு கட்டினேன். பிறகு முதுகு. இருக்கை அவருக்கு ஆழம்; சாய்ந்தால் கை தடியிலிருந்து விலகும், விலகாமல் இருக்க முன்னால் குனிந்தால் கழுத்து நீளும், கண் மறுபடி இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை வைத்தேன். ஒன்றைச் சரிசெய்தால் ஒன்று விலகிற்று. நாலு நாள் மத்தியானம் துரை சாப்பிடப் போகும் நேரமெல்லாம் நாங்கள் அங்கே கிடந்தோம்.

ஐந்தாம் நாள் அவரை உட்காரவைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றேன். கை தானாகத் தடியில் போய் விழுந்தது. கால் மிதியில் இருந்தது. கருவிகளைப் பார்க்கக் கண்ணை மட்டும் தாழ்த்தினார், தலை அசையவில்லை. கண்ணை உயர்த்தினார், கோடு.

"எப்படி இருக்கு?"

"இப்பதான் மச்சான் கழுத்து என்னோடதா இருக்கு," என்றார். "ஆனா ஒரே புகை நாத்தம். கித்தாக் கொட்டாயில உக்காந்த மாதிரி."

மூன்றாம் முறை அவர் உள்ளே போனபோது நான் அறைக்கு வெளியே பலகைச் சுவரில் சாய்ந்து நின்றேன். உள்ளே பார்க்க வழியில்லை. துருத்தியின் சத்தம் மட்டும் கேட்டது. முதல் இரண்டு முறையும் அது மூச்சுத் திணறுபவர் போல இழுத்து இழுத்து வாங்கியது எனக்கு நினைவிருந்தது. இந்த முறை தூங்குகிறவர் மூச்சு போல வந்தது. அரை மணி நேரம். நான் மழையைப் பார்த்துக்கொண்டு அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. துரை முதலில் வந்து, என்னிடம் கை நீட்டினார். அவர் எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பெயர் கோலாலம்பூருக்குப் போனது. அவரும் போனார், ரயிலில், ரப்பர் இருக்கையையும் கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு. அவற்றைப் பையிலிருந்து எடுக்க வேண்டிய வேளையே வரவில்லை. அங்கே முதல் நாளே சுவரோடு உட்காரவைத்துத் தொடையின் நீளத்தை அளந்தார்களாம். வேண்டிய அளவுக்குக் கட்டைவிரல் அகலம் குறைந்தது. கட்டை வைத்து ஓட்டலாம் என்று இவர் சொல்லிப் பார்த்தாராம். அங்கே யாரும் சிரிக்கவில்லையாம். மரியாதையாகவே சட்டத்தைக் காட்டினார்களாம். படை விமானத்தில் ஆளுக்கு ஆள் கட்டை மாற்ற முடியாது என்றார்களாம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் கொண்டுவந்த தாளில் பத்து பெரண்டாமின் மூன்று முறையும் பதிவாகியிருந்தன. மூன்றாவதற்கு எதிரே துரை நல்ல வார்த்தை எழுதியிருந்தார். முதல் இரண்டும் தவறியவை என்று மாமாவின் பெயரிலேயே இருந்தன. கோட்டைப் பற்றித் துரை ஒரு குறிப்புக்கூட எழுதவில்லை. எழுதும்படி நானும் கேட்கவில்லை. அந்த இரண்டும் என்னுடையவை. உங்கள் மாமா ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை, அதனால் நான் எழுதிவைக்கிறேன்.

துரை நாடு திரும்பும் நாள் வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு காலை மாமாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நானும் அம்மாவும் கூடப் போனோம். உங்களில் மூத்தவன் அம்மாவின் இடுப்பில் இருந்தான். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன விமானம் ஒன்று புல்லில் நின்றது. மாமா பையிலிருந்து ரப்பர் இருக்கையை எடுத்துப் போட்டார். கட்டைகளைத் தானே மிதியில் கட்டினார். நான் உதவப் போனேன், "நான் பாத்துக்கிறேன் மச்சான்," என்றார்.

நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். விமானம் ஓடி, எழுந்து, கிளேபாங் பக்கம் போய்ச் சின்னதாகி மறைந்தது. அம்மா வேலிக் கம்பியைப் பிடித்த கையை விடவில்லை. எவ்வளவு நேரமோ. பிறகு மேற்கேயிருந்து சத்தம் வந்தது. எங்கள் தலைக்கு மேலே நேராகப் போனது. சாயவில்லை, ஏறவில்லை, இறங்கவில்லை.

இறங்கி வந்தவர் எங்களிடம் நடந்து வந்தார். முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. அம்மா, "எப்படிடா இருந்துச்சி? பயந்தியா?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"துரை தடியிலேருந்து கைய எடுத்துட்டாரு மச்சான். ரெண்டு கையையும் மடியில வச்சிக்கிட்டாரு."

"எவ்வளவு நேரம்?"

"புக்கிட் ரம்பாயிலேருந்து இங்க வரைக்கும்."

அம்மா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். அவர் சின்னப் பிள்ளை போல நின்று துடைக்கக் கொடுத்தார். பிறகு மூன்று பேரும் நடந்து வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் தபால் நிலையத்துக்குப் போய்விட்டார்.